கோமதியின் கல்யாணப் படம்

இசக்கிசெல்வியை எங்கள் சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முட்டை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவள் டீச்சர் இல்லை, சத்துணவு அமைப்பாளர். ஆனால் அழுகின முட்டை ஒன்று வண்டியில் வந்து இறங்கிவிட்டால் போதும், அவள் போடுகிற சத்தத்தில் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போய்விடுவேன். "ஒம்ம வீட்டுப் பிள்ளைக்கு இதக் குடுப்பீராவே?" என்று வண்டிக்காரரைக் கேட்பாள். அந்த மனுஷன் மாற்று முட்டை எடுக்கப் போவார். நான் எஸ்லின், அங்கே வரலாறு நடத்துகிறேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். அவளுக்கு முன்னால் நானெல்லாம் சும்மா.

இப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சின்னப்பிள்ளையாகிவிடுவாள். அது அவளுடைய அம்மா கோமதியின் படம்.

அவள் வீட்டு முன்னறையில், சாமி படங்களுக்கு நடுவில், கறுப்புச் சட்டம் போட்டு அது தொங்கும். கறுப்பு வெள்ளைப் படம். இருபது இருபத்தோரு வயதுப் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இடுப்பு வரைக்கும்தான் தெரியும். பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, தலை கொள்ளாத பூ, கழுத்தில் கனத்த மாலை. கண்கள் அகலமாக, நேரே நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. ஆனால் கல்யாணப் பெண்கள் அந்தக் காலத்தில் சிரிக்கவா செய்தார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவளுக்கு ஒரு வயது இருக்கும்போது அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள் என்று அப்பா சண்முகையா சொல்லியிருந்தார். குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் மானாவாரிக் காட்டில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரிவலம்வந்தநல்லூருக்குக் குடிவந்த மனுஷன் அவர். அங்கே வயலைக் குத்தகைக்குப் பிடித்து, அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு மகளை வளர்த்தார். இரண்டாம் கல்யாணம் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. "எங்கம்மா கல்யாணப் படம் எங்கப்பா?" என்று மகள் கேட்ட வயதில் இந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிக் காட்டினாராம். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தபோது படத்தையும் அவள் கையோடு கொண்டுவந்துவிட்டாள்.

பரீட்சைக்குப் போகும்போதும், சத்துணவு வேலைக்கு உத்தரவு வந்தபோதும், வீட்டுக்காரர் மாரடைப்பில் போனபோதும், மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தபோதும் அவள் அந்தப் படத்துக்கு முன்னால்தான் நின்றாள். அவளுடைய கல்யாணத்தன்று அத்தையிடம் படத்தைக் காட்டி, "இதே மாதிரி கொண்டை, இதே மாதிரி பூ, எங்கம்மா இருந்த மாதிரியே நான் மணையில இருக்கணும்" என்று சொல்லி அலங்கரித்துக்கொண்டவள். இதை அவளே என்னிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

இனி ஜெபசுந்தர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

ஜெபசுந்தர் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் சர்ச் சபைக்காரர். சங்கரன்கோவில் வட்டார மரபு மன்றத்துக்கு அவர்தான் செயலாளர், நான் துணைச் செயலாளர். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை, ஒரு பீரோ, ஒரு கணினி, இவ்வளவுதான் மன்றம். நடுகல், கல்வெட்டு, பழைய பள்ளிக்கூடக் கட்டடம், வீட்டு வீட்டுக்குத் தொங்குகிற பழைய படங்கள் என்று எதையாவது தேடி அலைந்துகொண்டிருப்போம். நல்ல வேலைதான், யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு நாள் திருநெல்வேலியில் ஏதோ பயிலரங்கத்துக்குப் போய்விட்டு வந்தவர் சாமி வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். இணையத்தில் யார் வேண்டுமானாலும் சேர்ந்து எழுதுகிற கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்றுமே இல்லையாம்.

"எஸ்லின், அங்கன இல்லன்னா நாம எங்கயுமே இல்லன்னு அர்த்தம். இனி வாரவனெல்லாம் அதத்தான் பாப்பான். ஏத்துவோம்! எல்லாத்தையும் ஏத்துவோம்!"

ஏற்றினோம். முதல் கட்டுரை சாயங்காலத்துக்குள் காணாமல் போனது. எங்கள் மன்றத்து விழா மலரில் நாங்களே எழுதியதை நாங்களே எடுத்துப் போட்டதற்கு, மலரிலிருந்து திருடிவிட்டோம் என்று எங்களையே குற்றம் சாட்டி அழித்திருந்தார்கள். இரண்டாவது கட்டுரைக்கு ஆதாரம் கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் சொன்னது என்று எழுதினோம். அச்சில் வந்தால்தான் ஆதாரம், வாயால் சொன்னது ஆதாரம் இல்லை என்று அதையும் தூக்கிவிட்டார்கள். சாருக்கு ரத்தக்கொதிப்பு ஏறியதுதான் மிச்சம்.

படங்களை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உடனே சார் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். இசக்கிசெல்வி வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போனது நான்தான்.

"அம்மா பேரு உலகத்துக்கே தெரியும்மா. நம்மகிட்ட பத்திரமா இருக்கும்" என்றார் அவர்.

அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஆனால் சட்டத்தைக் கழற்ற மட்டும் விடவில்லை. கண்ணாடி உடைந்தால் குடும்பத்துக்கு ஆகாது, எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறாராம். சார் கண்ணாடியோடேயே படம் எடுத்தார். மன்றத்தில் உட்கார்ந்து கண்ணாடியின் பளபளப்பைத் துடைத்து, ஓரத்தை வெட்டி, சுத்தமாக்கினார். ஏற்றும்போது, இது யாருடைய படைப்பு என்று அந்தப் பக்கம் கேட்டது. "கேமரா என்னுது, எடுத்தது நான்" என்று சொல்லி, 'என் சொந்தப் படைப்பு' என்ற கட்டத்தில் குறி போட்டார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், பேர் மட்டும் போட்டால் போதும் என்ற உரிமத்துக்கும் குறி போட்டார். கோமதி, மணப்பெண், சங்கரன்கோவில் வட்டாரம் என்று தலைப்பும் எழுதினார்.

ஒரு வாரத்தில் கோமதி என்ற பெயர் போய்விட்டது. ஆதாரமில்லாத தனிநபர் பெயர் என்று யாரோ ஒரு தன்னார்வலர் நீக்கிவிட்டார். மணப்பெண் மட்டும் மிஞ்சினாள். தமிழ்த் திருமண உடைகள் பற்றிய கட்டுரையின் தலைமாட்டில் கொண்டுபோய் அவளை வைத்தார்கள். பெயர் போனதை நான் இசக்கிசெல்வியிடம் சொல்லவில்லை, படம் பெரிதாக வந்திருக்கிறது என்று மட்டும் காட்டினேன். அவள் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசுக்குக் கொடியேறிய வாரம். ஊரே பிளக்ஸ் பேனராக இருக்கும் அந்த நாட்களில். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இசக்கிசெல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், வாங்களேன். பஸ் ஸ்டாண்டுல எங்கம்மா நிக்கா!"

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடி உயரத்துக்கு ஒரு பேனர். மணமகள் அலங்கார நிலையம் ஒன்றின் விளம்பரம். 'அந்தக் கால நெல்லை மணப்பெண் அலங்காரம், முன்பதிவு நடைபெறுகிறது.' அதன் நடுவில் கோமதி. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசி, உதட்டுக்குச் சாயம் போட்டு, சேலையை அரக்காக்கியிருந்தார்கள். எனக்குத் திக்கென்றது. கேட்காமல் கொள்ளாமல் வைத்திருக்கிறார்களே என்று கோபம் வந்தது. அவளோ போனை எடுத்து, பேனருக்கு முன்னால் நின்று, என்னையும் பக்கத்தில் இழுத்து வைத்துப் படம் எடுத்தாள்.

"அப்பா இப்போ கரிவலம் பஸ்ஸுல வாராக. வந்ததும் காட்டணும். ஒண்ணும் சொல்லிராதீய டீச்சர்!"

பேருந்து வந்தது. சண்முகையா அண்ணாச்சி கையில் எலுமிச்சம்பழப் பையோடு இறங்கினார். எண்பதை நெருங்குகிற வயதிலும் நிமிர்ந்து நடக்கிற மனுஷன். அவள் ஓடிப்போய் அவர் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்தாள். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பேனருக்கு நேர் எதிரே நிறுத்திக் கையை எடுத்தாள்.

"இப்போ நிமிந்து பாருங்கப்பா!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பை கையிலிருந்து நழுவி எலுமிச்சம்பழம் ரோட்டில் உருண்டது. அப்படியே தரையில் சரிந்துவிட்டார்.

"எவன் வச்சான்? ஏட்டி, எவன் வச்சான் இத?"

"அப்பா, எங்கம்மா கல்யாணப் படம்லா, நான்தான் குடுத்தேன்..."

"கல்யாணமா? நாசமாப் போச்சே! ஏட்டி, அது அவ செத்தன்னைக்கு எடுத்ததுட்டி!"

டீக்கடைக்காரர் சோடாவை உடைத்துக்கொண்டு ஓடிவந்தார். பெரியவர் அதைத் தள்ளிவிட்டு, பேனரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் துண்டு துண்டாகச் சொன்னார். கோமதிக்கு அதுவரைக்கும் ஒரு படம்கூட எடுத்தது கிடையாதாம். சுமங்கலியாகப் போனவள் என்று குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கல்யாணச் சேலையையே கட்டி, பூவும் மாலையும் போட்டு நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார்களாம். முகமாவது மிஞ்சட்டும் என்று இவர் ஓடிப்போய்ப் படக்காரரைக் கூட்டிவந்தாராம்.

"கண்ணு மூடியிருந்துச்சு. படத்துல தொறந்த மாதிரி வரைஞ்சு தாரேன்னான். நல்லா வரைஞ்சு குடுத்துட்டான் பாவி."

நான் மறுபடி பேனரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்தக் கண் எதையுமே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இசக்கிசெல்வி அழவில்லை. அவள் கை மெல்லத் தன் கொண்டையைத் தொட்டது.

"அப்போ நான் என் கல்யாணத்துக்கு..." என்றாள். செத்துப்போன அம்மாவுக்குச் செய்த அலங்காரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறாள் அவள். கர்த்தாவே, இந்த அதிர்ச்சி என் எதிரிக்கும் வேண்டாம்.

மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள். முட்டை வண்டி வந்தது, போனது, அவள் ஒரு சத்தமும் போடவில்லை. மத்தியானம் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். எங்கம்மா பொணத்தக் கல்யாணப் பொண்ணுன்னு ஊரு பாக்கக் கூடாது. எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் எடுத்துருங்க."

அன்று சாயங்காலமே அலங்கார நிலையத்துக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். நடத்துகிற பெண் நூருல் ஹுதா, முப்பது வயதுகூட இருக்காது. போனவுடன் கத்தினேன். அவள் பதறிப்போய் போனில் அந்தக் கலைக்களஞ்சியப் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"டீச்சர், நான் திருடல. யாரும் எடுக்கலாம்னு போட்டிருக்கு பாருங்க. பேர் போடணும்னாங்க, போட்டிருக்கேன். போர்டுக்குக் கீழ பாத்தீங்களா?"

பார்த்தேன். பேனரின் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் எங்கள் மன்றத்தின் பெயர் இருந்தது. விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! இதப் பாத்து ரெண்டு பொண்ணுக்கு அலங்காரம் பண்ணிட்டேனே டீச்சர்!"

அவளே ஆளைக் கூப்பிட்டு அப்போதே பேனரை இறக்கினாள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அது ஒரு பேனர்தானே. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை மாதிரியில் கோமதி. சேலைக்கடை விளம்பரத்தில் கோமதி. யாரோ வெளியூர்க்காரர் சட்டை பனியனில் அச்சடித்து விற்கிறார், அதிலும் கோமதி. எல்லாருமே அந்தக் கலைக்களஞ்சியத்திலிருந்துதான் எடுத்திருந்தார்கள். அங்கே நீக்கினால்தான் ஊற்று நிற்கும்.

ஜெபசுந்தர் சாரிடம் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. அதுவரைக்கும் அவர்மேல் எனக்குப் பரிதாபம்தான் இருந்தது. அடுத்து அவர் செய்த காரியம் இருக்கிறதே!

நாங்கள் கேட்டுக்கொண்டதும், படத்தை நீக்க வேண்டுமா என்று அந்தத் தளத்தில் ஒரு உரையாடல் பக்கம் திறந்திருந்தார்கள். கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதலாம். சாருக்குத் தெரிந்தது சங்கம் நடத்துகிற முறை ஒன்றுதான். அவசரக் கூட்டம் கூட்டினார். தீர்மானம் முன்மொழிந்தார். உறுப்பினர் அத்தனை பேருக்கும் அந்த ஒரே கணினியில் உட்கார்ந்து ஆளுக்கொரு கணக்கு தொடங்கிக் கொடுத்தார். ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து, 'தீர்மானத்தை வழிமொழிகிறேன்' என்று எழுதிவிட்டு எழுந்து போனார்கள். கீழே மன்றத்தின் முத்திரையைப் படமெடுத்து ஒட்டி, 'ஏகமனதாக நிறைவேறியது' என்று சார் முடித்துவைத்தார். நான் அன்று பரீட்சைத்தாள் திருத்தப் போயிருந்தேன், இல்லையென்றால் அந்தக் கணினி வயரைப் பிடுங்கியிருப்பேன்.

காலையில் பார்த்தால் எல்லாக் கணக்கும் முடக்கப்பட்டிருந்தது. ஒரே ஆள் பல வேடம் போட்டு ஏமாற்றுகிறார் என்று காரணம். மன்றத்தின் பெயரில் இருந்த கணக்கும் போச்சு, ஒரு அமைப்பின் பெயரில் கணக்கு வைக்கக் கூடாதாம்.

"ஏமாத்துறோமா? நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு நீதிபோதனை நடத்தினவன் நான்! என்னப் போய்..." என்றார் சார்.

"ஒங்க நீதிபோதனைய உப்பு போட்டுத் தின்னுங்க சார்! அடுத்தவங்க வீட்டுப் படத்த எஞ்சொந்தப் படைப்புன்னு எழுதினது யாரு? இருந்த ஒரு வழியையும் அடைச்சிட்டு நிக்கீய!"

பெரியவரை அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். அவர் கணினித் திரையைக் காட்டினார். அதில் இன்னொரு இடி இருந்தது. இவள் மணப்பெண் இல்லை, இறந்தவள் என்று மன்றம் எழுதியதற்கு ஒருவர் மறுப்பு எழுதியிருந்தார். மணப்பெண் என்பதற்கு அச்சில் ஆதாரம் இருக்கிறது, இறந்தவள் என்பதற்கு ஒன்றுமில்லையாம். ஆதாரம் எது என்று பார்த்தால், ஏதோ கல்யாணச் சிறப்பிதழ். அந்த இதழ் படத்தையும் செய்தியையும் எங்கிருந்து எடுத்தது? அதே கலைக்களஞ்சியத்திலிருந்து! எங்கள் தப்பு அச்சுக்குப் போய், எங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வந்திருந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு நானே என் சொந்தப் பெயரில் எழுதினேன். ஒரு தன்னார்வலர் பதில் போட்டார். மரியாதையான மனிதர், பொய் சொல்லக் கூடாது. அந்தப் படத்தை எடுக்கச் சொல்லிக் கூலி கொடுத்தவர் உயிரோடு இருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் ஏற்றியது செல்லாது என்று விளக்கினார். அவரே எழுதித் தரட்டும், கூடவே அசல் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, முன்னும் பின்னும் ஓரம்வரை முழுதாகப் படமெடுத்து, ஸ்டூடியோ முத்திரை தெரிய மின்னஞ்சலில் அனுப்புங்கள், நீக்கிவிடலாம் என்றார். அதற்குக் கெடுவும் வைத்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் சாரும் இசக்கிசெல்வி வீட்டுக்குப் போனோம். சார் கேமராவை ஒரு துணிப்பையில் மறைத்து வைத்திருந்தார். பெரியவர் கட்டிலில் இருந்தார். அன்று பேருந்து நிலையத்தில் விழுந்ததிலிருந்து அவர் ஊருக்குத் திரும்பவில்லை. விவரத்தைச் சொன்னதும் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டு வாங்கினார். போட்டார்.

"சட்டத்தையும் கழத்தணும் அண்ணாச்சி" என்றார் சார்.

பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது வேண்டாம்."

"முழுசா அனுப்பினாத்தான் நம்புவாங்களாம்."

"வேண்டாம்னா வேண்டாம். கையெழுத்து எத்தனை வேணாலும் போடுதேன். அதத் தொறக்காதிய."

"ஏம்ப்பா?" என்றாள் இசக்கிசெல்வி.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்தை இறக்கி, தரையில் குப்புற வைத்து, அடுப்படியிலிருந்து கத்தியைக் கொண்டுவந்தாள்.

"மக்கா, சொன்னாக் கேளு. ஒனக்காகத்தான் சொல்லுதேன்" என்றார் பெரியவர்.

அவள் துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். அட்டையை எடுத்தாள். உள்ளே படத்தின் கீழ்ப்பாதி பின்பக்கமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்பை விரித்தாள்.

கோமதியின் மடியில் ஒரு பச்சைக்குழந்தை இருந்தது. துணியில் சுற்றி, முகம் மட்டும் தெரிய. நழுவிவிடாமல் ஒரு கை ஓரத்திலிருந்து நீண்டு குழந்தையைப் பிடித்திருந்தது. அந்த ஆள் படத்தில் இல்லை, கை மட்டும்தான். வரையப்பட்ட கண்ணோடு கோமதி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

ஏசுவே என்று என்னையறியாமல் வாயில் வந்தது. சார் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மஞ்சக்காமாலைன்னு சொன்னீங்களேப்பா" என்றாள் அவள். கேள்வியாகக் கேட்கவில்லை.

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "நீ பொறந்த அன்னைக்கே போயிட்டா. ரத்தம் நிக்கல. ஊர்ல ஒன்னையத் தாயத் தின்னவள்னு சொன்னாவ. பால் குடுக்கக்கூட ஒருத்தியும் தூக்க மாட்டேன்னுட்டாவ. அதான் நிலத்த வித்துட்டு வந்தேன். நீ கல்யாணப் படம் எங்கன்னு கேட்டப்போ... பிள்ளைய வச்சிக்கிட்டு இருக்கத எப்படிக் கல்யாணம்னு சொல்ல? மடிச்சிட்டேன்."

"இந்தக் கை?"

"எங்கைதான்."

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு மனுஷன் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எப்படித்தான் இருந்தாரோ! அன்று அவருக்கு எத்தனை வயது இருந்திருக்கும்? ஒரு பக்கம் பெண்டாட்டி பிணம், ஒரு பக்கம் பிள்ளை, நடுவில் படக்காரர் அசையாதீர்கள் என்று சொல்லியிருப்பார்.

அவள் தரையில் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் அந்தக் குழந்தையின் முகத்தைத் தொட்டாள். பிறகு அந்தக் கையைத் தொட்டாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

"நான் எங்கம்மா மடியில இருந்திருக்கேன் டீச்சர்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

சார் துணிப்பையைத் திறந்தார். மனுஷன் வந்த வேலையை மறக்கவில்லை. "எம்மா... இத அப்படியே ஒரு படம் எடுத்து அனுப்பிட்டோம்னா, நாளைக்கே அந்தப் படத்த எடுத்துருவாங்க. இத யாரும் பாக்க மாட்டாங்க. ரகசியமாத்தான் வச்சிக்கிடுவாங்களாம். பத்திரமா இருக்கும்."

"நீங்களும் பத்திரமா இருக்கும்னுதான சார் சொன்னீய."

அவள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. முட்டை வண்டிக்காரரைக் கேட்கிற குரல் இல்லை அது. சார் துணிப்பையின் வாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, செருப்பை மாட்டி, பெரியவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

நான் விடவில்லை. அன்றும் பேசினேன், அடுத்த வாரம் முழுக்கவும் பேசினேன். இது இல்லாவிட்டால் அந்த மணப்பெண் படம் அங்கேயே கிடக்கும், இன்னும் நூறு பேனர் வரும், புரிகிறதா என்று கேட்டேன். எல்லாம் புரிகிறது என்று தலையாட்டினாள். கொடுக்க மாட்டேன் என்பதில் மட்டும் இம்மி அசையவில்லை.

கெடு முடிந்த அன்று அந்தத் தன்னார்வலரிடமிருந்து செய்தி வந்தது. கேட்ட ஆதாரம் வராததால் கோரிக்கை மூடப்படுகிறது, படம் நீடிக்கும் என்று இருந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரியும் எழுதியிருந்தார். அவரை நான் என்ன குறை சொல்ல?

போனை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் எனக்குப் படபடப்பு. வாசலில் நுழைந்ததும் சொல்ல வந்தது மறந்துவிட்டது. சுவரில் புதுச் சட்டம், பழையதைவிட இரண்டு மடங்கு நீளம். கோமதியும் குழந்தையும் அந்தக் கையும் முழுதாக இருந்தார்கள். கீழே கட்டிலில் உட்கார்ந்து பெரியவர் சுடுகஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

செய்தியைச் சொன்னேன். சொல்லும்போது எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் பெரியவருக்குத் துவையலை எடுத்து வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கெடக்கட்டும் டீச்சர். அங்கன இருக்கது எவளோ ஒரு கல்யாணப் பொண்ணு. எங்கம்மா இங்கன என்னய மடியில வச்சிக்கிட்டு இருக்கா."